எல்.ஐ.க்குப் போகுமுன் கழகத்தைக் கைமாற்றுங்கள்

மலேசியாவின் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஊர்களில் உள்ள சிறிய கல்லூரிகளில் தமிழ்க் கழகம் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை படுத்துவிடுகிறது. பிறகு யாரோ ஒரு விரிவுரையாளர் எழுப்பி உட்காரவைக்கிறார். மாணவர்களுக்கு ஆர்வமில்லை என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எல்பில், டோவன்பி, ஹீவூட் தோட்டங்களின் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளைத் தோட்டத்துத் திருவிழாவில் பாருங்கள். பந்தல் போடுவது, அன்னதானத்துக்குக் காய் நறுக்குவது, தண்ணீர்ப் பந்தல் நடத்துவது எல்லாம் அவர்கள் கைவேலைதான். உழைக்கத் தெரிந்தவர்கள். கழகம் படுப்பதற்குக் காரணம் பருவ அட்டவணை.

நான்கு பருவச் சான்றிதழ் படிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பருவத்தில் பிள்ளைகள் விடுதிக்கும் வகுப்புக்கும் பழகவே நேரம் போய்விடும். நான்காம் பருவத்தில் தொழிற்பயிற்சிக்கு, அதாவது எல்.ஐ.க்குப் போய்விடுவார்கள், பினாங்கிலோ கிள்ளானிலோ ஏதோ ஒரு தொழிற்சாலையில் இருப்பார்கள். கையில் மிஞ்சுவது இரண்டாம், மூன்றாம் பருவம் மட்டும். ஆனால் மூத்தவர் என்ற மரியாதைக்காக மூன்றாம் பருவ மாணவரைத்தான் தலைவராகத் தேர்ந்தெடுக்கிறோம். அவர் வேலையைப் புரிந்துகொண்டு நிமிரும்போது பருவம் முடிந்திருக்கும். அவரோடு முத்திரை, ஃபைல், ஃபேஸ்புக் பக்கத்தின் கடவுச்சொல் எல்லாம் போய்விடும். ஆறு பருவ டிப்ளோமாவிலும் இதே கதைதான், கொஞ்சம் மெதுவாக நடக்கும்.

அதனால் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் தேர்ந்தெடுக்கப்படும் நாளிலிருந்து குறைந்தது இரண்டு முழுப் பருவம் வளாகத்தில் இருக்க வேண்டும் என்று கழக விதியிலேயே எழுதிவிடுங்கள். நான்கு பருவக் கல்லூரியில் முதல் பருவம் முடியும் தறுவாயில் இருப்பவர்களைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டிவரும். சின்னப் பிள்ளைகள் என்று தயங்க வேண்டாம். மூன்றாம் பருவத்தவர் ஆலோசகராகப் பக்கத்தில் இருந்தால் போதும்.

தேர்தலையும் கைமாற்றத்தையும் 14 வாரப் பருவத்தின் 10 அல்லது 11-ஆம் வாரத்தில் வையுங்கள். கடைசி வாரத்தில் வைத்தால் தேர்வுப் பயத்தில் யாரும் வரமாட்டார்கள். அடுத்த பருவத் தொடக்கத்தில் வைத்தால் பழைய செயலவையே ஊரில் இருக்காது. 11-ஆம் வாரத்தில் வைத்தால் பழையவர்களும் புதியவர்களும் மூன்று வாரம் சேர்ந்து உட்காரலாம். அந்த மூன்று வாரத்தில்தான் மாணவர் விவகாரப் பிரிவான ஹெப்பின் அலுவலகத்தில் எந்த மேசைக்கு எந்தக் கடிதம் போக வேண்டும், மண்டபச் சாவி யாரிடம், ஒலிபெருக்கியை யார் தருவார் என்பதையெல்லாம் சொல்லித்தர முடியும். எழுதி வைப்பதைவிட ஒருமுறை கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்துவது மேல்.

செயலவையில் 21 பேர் வேண்டாம். கல்லூரி முழுக்க 60 இந்திய மாணவர்கள் இருக்கும் இடத்தில் 21 பேருக்குப் பதவி கொடுத்தால், வேலை செய்வது ஐந்து பேர், மற்றவர்கள் டி-சட்டையில் பதவிப் பெயரை அச்சடித்துக்கொள்வார்கள். 7 பேர் அல்லது 9 பேர் சரியான அளவு. ஒற்றைப்படையாக இருந்தால், எல்லாரும் வாக்களிக்கும்போது இழுபறி வராது. 9 பேரில் 5 பேர் வந்தால் கூட்டம் செல்லும் என்று வையுங்கள். கூட்டக் குறிப்பில் பேசியதையெல்லாம் எழுதத் தேவையில்லை. என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் ஒவ்வொரு முடிவுக்கும் இருந்தால் போதும். இந்த மூன்றில் விட்டுப்போவது பெரும்பாலும் தேதிதான். தேதி இல்லாத வேலையை யாரும் தொடமாட்டார்கள்.

கூட்டம் எப்போது வைப்பது என்பதில் பலர் தவறுகிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை வகுப்பு முடிந்ததும் பாதிப் பேர் மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். சனி, ஞாயிறில் கடையிலோ உணவகத்திலோ பகுதிநேர வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. அந்தச் சம்பளத்தில்தான் மாதச் செலவு ஓடும் என்பதால், கழகக் கூட்டத்துக்கு வரவில்லை என்று அவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. பல கல்லூரிகளில் புதன் பிற்பகல் புறப்பாடத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். அந்த நேரத்தைப் பிடியுங்கள். கூட்டத்தை 45 நிமிடத்துக்குள் முடியுங்கள்.

இனி அனுமதி. வளாகத்துக் கழகங்கள் பொதுவாகச் சங்கப் பதிவதிகாரி அலுவலகமான ஆர்.ஓ.எஸ்.ஸில் பதிவதில்லை, கல்லூரியின் மாணவர் விவகாரப் பிரிவின் கீழ்தான் இயங்கும். பாலிடெக்னிக், சமூகக் கல்லூரி மாணவர்கள் 1976-ஆம் ஆண்டுக் கல்விக்கழக ஒழுங்குச் சட்டத்துக்கு, அதாவது சட்டம் 174-க்கு, உட்பட்டவர்கள். தனியார் கல்லூரி என்றால் 1996-ஆம் ஆண்டின் சட்டம் 555. பொதுப் பல்கலைக்கழகத்துக்குத்தான் 1971-இன் அவுக்கு, அதாவது பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் அண்ணன் ஒருவர் 'எங்கள் இடத்தில் அனுமதி தேவையில்லை' என்று சொன்னார் என்பதற்காக நம் கல்லூரியிலும் அப்படியே செய்துவிடாதீர்கள். சட்டமே வேறு.

எந்த நிகழ்ச்சிக்கும் மலாய்மொழியில் கெர்த்தாஸ் கெர்ஜா, அதாவது நிகழ்ச்சித் திட்ட அறிக்கை, வேண்டும். நம் பிள்ளைகள் 'பேப்பர்வர்க்' என்பது இதைத்தான். முன்னுரை, நோக்கம், தேதியும் இடமும், பங்கேற்பாளர் எண்ணிக்கை, நிகழ்ச்சி நிரல், செயற்குழு, வரவு செலவு மதிப்பீடு, முடிவுரை, கடைசியில் தயாரித்தவர், சரிபார்த்தவர், ஆதரித்தவர், அனுமதித்தவர் என்று கையொப்ப வரிசை. இது திரும்பி வருவதற்குக் காரணங்கள் எப்போதும் ஒன்றுபோலவே இருக்கும். வரவும் செலவும் கூட்டினால் ஒத்துப்போகாது. நிகழ்ச்சி நிரலில் 100 பேர், உணவுக் கணக்கில் 80 பேர் என்று இருக்கும். போன ஆண்டுத் தாளை நகலெடுத்ததில் பழைய தேதி எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். நோக்கம் என்ற இடத்தில் 'ஒற்றுமையை வளர்ப்பது' என்று மட்டும் எழுதியிருக்கும். 'முதல் பருவ மாணவர் 30 பேரைக் கழகத்தில் சேர்ப்பது' என்று எழுதினால் படிக்கும் அதிகாரிக்கும் தெளிவாகும், நிகழ்ச்சி முடிந்தபின் அறிக்கை எழுதுவதும் எளிது. வளாகத்துக்குள் நடப்பதற்கு நான்கு வாரம் முன்பும், வெளியே போவதற்கு ஆறு வாரம் முன்பும் கொடுத்துவிடுங்கள். வெளியே போனால் பெற்றோர் ஒப்புதல் பாரம், பயணக் காப்புறுதி, உரிமம் பெற்ற பேருந்து மூன்றும் கூட வரும். தெரிந்தவர் வேனில் மாணவர்களை ஏற்றிப் போகாதீர்கள். வாடகைக்கு ஆள் ஏற்ற உரிமமில்லாத வண்டி விபத்துக்குள்ளானால் காப்புறுதி நிறுவனம் கைவிரித்துவிடலாம்.

பணத்தில்தான் நல்ல கழகங்கள் உடைகின்றன. பருவத்துக்கு 5 ரிங்கிட் சந்தா, 40 பேர் என்றால் 200 ரிங்கிட். சிறு தொகைதான். ஆனால் அதைப் பொருளாளரின் சொந்த வங்கிக் கணக்கில், அவர் பெயரிலுள்ள டுயிட்நவ் கியூ.ஆர். என்ற மின்பணக் குறியீட்டின் வழியாக வாங்கும்போது சிக்கல் தொடங்குகிறது. அவருடைய பி.டி.பி.டி.என். கல்விக் கடன் பணமும், அம்மா அனுப்பிய பணமும், கழகப் பணமும் ஒரே கணக்கில் கலந்துவிடும். அவர் திருடவில்லை, மாதக் கடைசியில் எது யாருடையது என்று அவருக்கே தெரியாது. பதிவுச் சான்றிதழ் இல்லாத கழகத்துக்கு வங்கிக் கணக்கு திறப்பதும் கடினம். ஆகவே பணத்தைக் கல்லூரிக் கணக்கில் கழகத்தின் பெயரில் வரவு வைக்கக் கேளுங்கள். அதற்கு வழியில்லை என்றால் ஆலோசக விரிவுரையாளரின் பூட்டிய இழுப்பறையில் ரொக்கப் பெட்டியும் எண்ணிட்ட ரசீதுப் புத்தகமும் இருக்கட்டும். பொருளாளர் ஒருவர், சாட்சி ஒருவர், இரண்டு கையொப்பம் இல்லாமல் ஒரு சென்கூட வெளியே போகக்கூடாது. வெயிலில் வெளுத்துப்போகும் கடை ரசீதுகளை அன்றே படமெடுத்து, தாளில் ஒட்டி, எந்த நிகழ்ச்சிக்கானது என்று எழுதுங்கள்.

சுங்கை சிப்புட்டில் பிறந்த, அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் எழுந்தது. அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் நடத்தும் கழகத்தில் ஐந்து ரிங்கிட்டுக்கும் கணக்கு இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன்.

உண்டியலைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவதும் வேண்டாம். பொதுமக்களிடம் வீடுவீடாகவும் தெருவிலும் நிதி திரட்ட உரிமம் வேண்டும். 1947-ஆம் ஆண்டிலிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது. அதைவிட, ஹெப் கையொப்பமிட்ட கடிதத்தோடு கடைக்காரரைப் பார்த்து, பணமாக இல்லாமல் பொருளாகக் கேளுங்கள். 5 கிலோ அரிசி, ஒரு பெட்டி குடிநீர், பரிசுக்குப் பத்து நோட்டுப் புத்தகம். பொருளாகக் கொடுக்கப் பலரும் தயங்குவதில்லை. நிகழ்ச்சி முடிந்த வாரத்துக்குள் படத்தோடு ஒரு நன்றிக் கடிதம் போய்ச் சேர வேண்டும். அது போகாவிட்டால் அடுத்த ஆண்டு அந்தக் கடைப் படியேற முடியாது.

நிகழ்ச்சிகளில் பொங்கல் விழாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சிறிய கழகத்துக்கு அதுதான் பெரிய நாள், கெடுவதற்கும் அதில்தான் வாய்ப்பு அதிகம்.

முதலில் தேதி. ஜனவரி 14 அல்லது 15-இல் கல்லூரி திறந்திருக்குமா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தை மாதத்துக்குள் ஒரு நாள். தைப்பூச வாரத்தைத் தவிருங்கள். பேராவில் அன்று பொது விடுமுறை, நம் பிள்ளைகள் ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போயிருப்பார்கள். சீனப் புத்தாண்டும் இதே காலத்தில்தான் வரும். இனிவரும் ஆண்டுகளில் நோன்பு மாதத்தையும் பார்க்க வேண்டும். அது ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னால் வருகிறது. 2027-இல் பிப்ரவரி முதல் பாதியிலும், 2028-இல் ஜனவரிக் கடைசியிலும் தொடங்கும். மலாய் நண்பர்களை அழைத்துவிட்டு அவர்கள் நோன்பிருக்கும் பகலில் பொங்கல் கிண்டுவது அழகல்ல. நோன்பு தொடங்குமுன் வைத்துவிடுங்கள்.

எட்டுக் குழுக்கள், எட்டுப் பானைகள் என்று வைத்துக்கொள்வோம். 3 லிட்டர் பானைக்கு 250 கிராம் பச்சரிசி, 60 கிராம் பாசிப்பருப்பு, அரை லிட்டர் பால், ஒரு லிட்டர் தண்ணீர், 300 கிராம் வெல்லம், 50 கிராம் நெய், முந்திரியும் திராட்சையும் 25 கிராம் வீதம், நான்கு ஏலக்காய். ஒரு பானையில் சிறிய காகிதக் கிண்ணத்தில் 15 பேருக்கு வரும். எட்டுப் பானைக்கு 120 பேர். பானைகளை ஈப்போ லிட்டில் இந்தியாவில் வாங்கும்போது பத்தாக வாங்குங்கள். இரண்டு எப்படியும் விரியும்.

பானை விரிவதற்குக் காரணம் அவசரம். புதுப் பானையை முதல் நாள் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். பிறகு அரிசி களைந்த நீரை ஊற்றிச் சிறு தீயில் ஒருமுறை கொதிக்கவிட்டு ஆறவைக்க வேண்டும். விழா நாளிலும் தீயை மெல்ல ஏற்றுங்கள். சூடான பானையில் பச்சைத் தண்ணீரை ஊற்றவே கூடாது. பக்கத்தில் ஒரு கெண்டியில் வெந்நீர் தயாராக இருக்கட்டும்.

பாலும் பாதித் தண்ணீரும் பொங்கி எழுந்த பிறகு களைந்த அரிசி, பருப்பு. மீதித் தண்ணீரைச் சூடாக்கி இடையிடையே ஊற்றுங்கள். அரிசி விரலில் மசியும் அளவு வெந்த பிறகுதான் வெல்லம். முன்னாலேயே போட்டால் அரிசி அதற்குமேல் வேகாது, மணி மணியாக நிற்கும். போட்டியில் தோற்கும் பானைகளில் பெரும்பாலும் இந்தக் குறைதான். வெல்லத்தைத் தனியே கரைத்து வடிகட்டி, தீயைத் தணித்துவிட்டு ஊற்ற வேண்டும். கொதிக்கும் பாலில் கட்டி வெல்லத்தைப் போட்டால் பால் திரியவும் கூடும், மண்ணும் பல்லில் படும்.

அடுப்பு தார் சாலையிலும் வேண்டாம், புல்லிலும் வேண்டாம். தார் இளகும், புல் கருகும். கல்லூரி அடுத்த ஆண்டு இடமே தராது. தகரத் தட்டு விரித்து இரண்டு அங்குல மணல் பரப்பி, அதன்மேல் மூன்று செங்கல். ஆற்றுக் கல் வேண்டாம், சூட்டில் வெடிக்கும். கட்டடத்திலிருந்து பத்து மீட்டராவது தள்ளி வையுங்கள். புகை மண்டபத்துக்குள் போனால் தீ எச்சரிக்கை மணி அடிக்கும். ரப்பர் விறகு, மெல்லியதாகப் பிளந்து நன்றாகக் காய்ந்தது, பானைக்கு மூன்று நான்கு கிலோ. பற்றவைக்கக் காய்ந்த தேங்காய் மட்டை. மண்ணெண்ணெய் ஊற்றினால் பொங்கலில் வாடை ஏறும். சேலை முந்தானையும் துப்பட்டாவும் இடுப்பில் செருகியிருக்க வேண்டும். நைலான் துணியில் தீ பிடித்தால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். இதைச் சொல்வதற்கென்றே ஒருவரை நிறுத்துங்கள். தீயணைப்பான் ஒன்று, இரண்டு வாளி தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில்.

காலை 7 மணிக்கு அடுப்பு அமைப்பு, 8 மணிக்குத் தீ, 9:30-க்கு நடுவர் சுற்று. சிறப்பு விருந்தினரை 9:30-க்கு அழையுங்கள். அவர் தாமதித்தாலும் பால் பொங்குவது நிற்காது. இறக்கிவைத்த பிறகு பேச்சு. பிற்பகல் மழை வருமுன் இடத்தைக் கழுவி முடித்துவிடலாம்.

உணவு எல்லாருக்கும் பொருந்த வேண்டும். நெய், பால் பொட்டலங்களில் ஹலால் முத்திரை இருக்கட்டும், பானையும் கரண்டியும் புதிதாக இருக்கட்டும். மதிய உணவை வெளியிலிருந்து எடுத்தால் ஹலால் சான்றிதழ் உள்ள இடம், மாட்டிறைச்சி இல்லாத சமையல் என்று இரண்டையும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். வாயால் சொன்னது மறந்துபோகும்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பதைப் பல கழகங்கள் செய்ய விரும்புகின்றன. செய்யத்தான் வேண்டும். ஆறாம் ஆண்டில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இலும் மூன்றாம் படிவத்தில் எழுதிய பி.டி.3 தேர்வு 2022-இலும் நின்றுபோன பிறகு, தோட்டத்துப் பிள்ளையின் பலவீனம் ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு வரை வெளியே தெரியாமல் போகலாம். எஸ்.பி.எம். சான்றிதழுக்கு மலாய்மொழியில் தேர்ச்சி வேண்டும், 2013 முதல் வரலாற்றிலும் வேண்டும். ஆகவே மலாய் வாசிப்பில் கைவையுங்கள். எல்லாப் பாடத்தையும் தொடாதீர்கள். பத்துப் பிள்ளைக்கு இரண்டு பேர், ஒன்றரை மணி நேரம், எட்டு வாரம். எந்தப் பிள்ளையோடும் ஒருவர் மட்டும் தனியே இருக்கக்கூடாது. தலைமையாசிரியரின் எழுத்து அனுமதி, வருகைப் பதிவு, யார் வந்து அழைத்துப் போகிறார் என்ற குறிப்பு மூன்றும் கட்டாயம். சம்பளம் போட்ட வார இறுதியில் குடும்பத்தோடு டவுனுக்குப் போய்விடுவார்கள். அன்று வகுப்பு வைத்தால் நான்கு பேர்தான் வருவார்கள். தோட்டத்துக் கோயில் திருவிழாத் தேதியையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கைமாற்றத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலருக்கும் பின்னால்தான் தெரியவருகிறது. கழகத்துக்கென்று தனி ஜிமெயில் திறந்து, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், கூகள் டிரைவ் எல்லாவற்றையும் அதில் கட்டுங்கள். கல்லூரி தந்த மாணவர் மின்னஞ்சலில் வைத்தால், படிப்பு முடிந்ததும் அந்தக் கணக்கு மூடப்படும்போது கோப்புகளும் போய்விடும். இரண்டடுக்குச் சரிபார்ப்பு எண் பழைய தலைவரின் கைப்பேசியில் இருந்தால் அதை மாற்றிய பிறகே அவரை எல்.ஐ.க்கு வழியனுப்புங்கள். மாற்றுக் குறியீடுகளை அச்சடித்து ஆலோசக விரிவுரையாளரிடம் கொடுங்கள். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் புதியவர்களை நிர்வாகியாக்குங்கள். பழையவர்களைத் தனியாக முன்னாள் மாணவர் குழுவுக்கு மாற்றுங்கள். அறிவிப்புக் குழுவில் பழையவர்களின் அரட்டை நிறைந்தால் புதிய பிள்ளைகள் ஒலியை அணைத்துவிடுவார்கள், கூட்ட அழைப்பும் கண்ணில் படாது. மண்பானை, குத்துவிளக்கு, பதாகை, ஒலிவாங்கி என்று கழகத்துச் சொத்துப் பட்டியலைப் பொருளைக் கையில் தொட்டுப் பார்த்துச் சரிபார்த்து இருவரும் கையொப்பமிட வேண்டும். குத்துவிளக்கு யாரோ ஒருவர் வீட்டில்தான் இருக்கும்.

சில பருவங்களில் புதிய சேர்க்கையில் நம்மவர் பத்துப் பேர்கூட இருக்கமாட்டார்கள். அப்போது கழகத்தைக் கலைக்க வேண்டாம், வழக்கமான ஆறு நிகழ்ச்சிகளையும் நடத்த வேண்டாம். செயலவையை ஐந்தாகக் குறைத்து, பொங்கல் ஒன்று, வாசிப்பு வகுப்பு ஒன்று என்று நிறுத்திக்கொள்ளுங்கள். பொங்கலை மாணவர் பேரவையோடு சேர்ந்து நடத்தினால் மண்டபமும் ஆளும் அவர்கள் பக்கத்திலிருந்து வரும். ஹெப்பில் ஆண்டறிக்கையை மட்டும் தவறாமல் கொடுங்கள். அறிக்கை வராத கழகத்தை அவர்கள் செயலற்றது என்று குறித்துவிட்டால், திரும்பப் பதியக் கழக விதி, ஆலோசகர் கடிதம், உறுப்பினர் பட்டியல் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து கொடுக்க வேண்டிவரும். அதிலேயே ஒரு பருவம் கரைந்துவிடும்.